லாரிக்கு ஆளில்லை, புதிய டிரைவருக்கு வேலையில்லை: சிக்கல் எங்கே?

லாரி உரிமையாளர்கள் நான்கு பேர் கூடினால் முதலில் வருவது டிரைவர் பேச்சுதான். வண்டி இருக்கிறது, லோடும் இருக்கிறது, ஓட்டுவதற்கு ஆள் இல்லை என்கிறார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரித் தொழிலை நம்பி வளர்ந்த ஊர்களிலும் இதே புலம்பல்தான். இன்னொரு பக்கம், ஹெவி லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு புக்கிங் ஆபீஸ்களின் படியேறி இறங்கும் இளைஞர்களையும் நாம் பார்க்கிறோம். "எத்தனை வருஷம் ஓட்டியிருக்கீங்க தம்பி?" என்பதுதான் அவர்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி. இப்போதுதான் லைசென்ஸ் எடுத்ததாகச் சொன்னால், "ரெண்டு வருஷம் எங்கயாவது ஓட்டிட்டு வாங்க" என்று பதில் வரும். எல்லோரும் இதையே சொன்னால், அந்த 'எங்கயாவது' எங்கே இருக்கிறது?

பற்றாக்குறையும் உண்மை, வேலை கிடைக்காததும் உண்மை. தட்டுப்பாடு இருப்பது அனுபவம் உள்ள டிரைவருக்கு. அந்த அனுபவத்தை உண்டாக்கித் தந்த இடம் மெல்ல மெல்ல இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் இரண்டு புலம்பல்களும் ஒரே நேரத்தில் கேட்கின்றன.

இதை ஒரு தொழிலின் உள்விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் மஹல்லாக்களில் பத்தாவதோடும் பன்னிரண்டாவதோடும் படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகள் பலர் ஸ்டீயரிங்கை நம்பியே வாழ்க்கையைத் திட்டமிடுகிறார்கள். சிலருக்கு இங்கேயே லாரி ஓட்டும் எண்ணம், பலருக்கு வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டும் கனவு. பயிற்சிக்கும் லைசென்ஸுக்கும் வீட்டிலுள்ளவர்கள் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஓராண்டைக் கடக்க வழி தெரியாதவர்கள்தாம் ஏஜென்டுகளிடமும் கடனிலும் போய் விழுகிறார்கள்.

லைசென்ஸ் எதற்குச் சான்று?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கு வாகனம் போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கான எல்.எல்.ஆர். பெறுவதற்கு முன், இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்துக் குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு 2021 விதிகள் வகுத்த கனரக வாகனப் பாடத்திட்டம், ஆறு வாரங்களில் 38 மணி நேரம்.

சாதாரண பயிற்சிப் பள்ளிகளில் என்ன நடக்கிறது என்பது பெற்றோர் பலருக்கும் தெரியும். காலி வண்டியில், பகல் வெளிச்சத்தில், பழகிய சாலையில் சில நாள் ஓட்டம். பிறகு ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஒரு சுற்று. அந்தச் சோதனையில் தேறியவர் வண்டியை நகர்த்தத் தெரிந்தவர் என்பதற்கு லைசென்ஸ் சான்று. லோடு ஏற்றிய வண்டியைக் கையாளத் தெரியும் என்பதற்கு அது சான்று ஆகாது.

ஒரு பத்துச் சக்கர லாரி லோடுடன் 28.5 டன் வரை போகலாம். அந்த எடையோடு தருமபுரி, சேலம் சாலையில் உள்ள தொப்பூர் கணவாயில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு இறக்கினால் வண்டியின் வேகத்தைப் பிடிப்பதற்கு பிரேக் மட்டுமே மிஞ்சும். தொடர்ந்து மிதிக்க மிதிக்க அது சூடேறி, கீழே வரும்போது பிடிக்காமல் போகும். சரியான கியரில் போட்டு, என்ஜினையே வண்டியை இழுத்துப் பிடிக்க வைக்க வேண்டும். எந்த இடத்தில் எந்த கியர் என்பதைப் பக்கத்தில் ஒரு மூத்த டிரைவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். தார்பாய் கட்டுவது, லோடு ஒரு பக்கம் சாயாமல் ஏற்றுவது, குறுகிய குடோன் சந்தில் பின்னால் எடுப்பது, இரவில் தூக்கம் வருவதை முன்கூட்டியே உணர்ந்து ஓரம் கட்டுவது எல்லாம் இப்படித்தான் கைமாறி வந்தன.

உரிமையாளர் ஏன் தயங்குகிறார்?

புதியவனை மறுக்கும் உரிமையாளரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. அவருடைய இடத்தில் நின்றும் பார்க்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி, மாதத் தவணை, அடுத்தவருடைய சரக்கு, சாலையில் போகிறவர்களின் உயிர் என எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவரின் கையில் கொடுத்து அவர் அனுப்புகிறார். வண்டி ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் அதன் பிறகு நம்பிக்கையைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லை.

சட்டமும் இப்போது கடுமையாகியிருக்கிறது. அலட்சியத்தால் உயிரிழப்பு ஏற்படுத்தினால் பழைய சட்டத்தில் இரண்டாண்டு வரை இருந்த தண்டனை, 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை உயர்ந்துள்ளது. விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தெரிவிக்காமல் தப்பி ஓடினால் பத்தாண்டு வரை என்ற உட்பிரிவை எதிர்த்துத்தான் 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அந்த உட்பிரிவு மட்டும் நடைமுறைக்கு வராமல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதிக பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். டிரைவரிடம் உரிய லைசென்ஸ் இல்லையென்றால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்துவிடும், அல்லது இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்க வழக்குப் போடும்.

ஆகவே அவர் ஆளைத் தேடுவது விளம்பரம் கொடுத்து அல்ல. தெரிந்த டிரைவரிடம் 'நல்ல பையனாகப் பார்த்துச் சொல்லு' என்கிறார். அவர் கேட்கும் இரண்டு வருட அனுபவம் என்பது பாதி திறமைக்கு, மீதிப் பாதி அறிமுகத்துக்கு. தனக்காகப் பேச ஒருவர் இல்லாத பையனுக்கு எத்தனை ஆபீஸ் ஏறினாலும் கதவு திறப்பதில்லை.

காலியாகிப்போன இரண்டாவது இருக்கை

முன்பு இந்தச் சிக்கல் இல்லை. கிளீனராக ஏறிய பையன் டயர் மாற்றுவான், கயிறு கட்டுவான், பின்னால் எடுக்கும்போது குரல் கொடுப்பான், இரவில் டிரைவர் தூங்கிவிடாமல் பேச்சுக் கொடுப்பான். இரண்டு மூன்று வருடத்தில் வெற்று ரோட்டில் ஸ்டீயரிங் கைக்கு வரும். லைசென்ஸ் எடுக்கும் நாளில் அவனை அறிந்த ஒரு டிரைவரும் ஓர் உரிமையாளரும் இருப்பார்கள். அனுபவமும் அறிமுகமும் அந்த ஒரே இருக்கையில் கிடைத்தன.

அந்த முறையைப் பொற்காலமாகச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்குப் போக வேண்டிய சிறுவர்கள் அதில் ஏற்றப்பட்டார்கள். அடியும் வசவும் இருந்தன, சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் இருந்ததில்லை. ஆயினும் அது மறைந்தபோது அதற்குப் பதிலாக வேறொன்று வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் இருந்த வணிக வரிச் செக்போஸ்டுகள் எடுக்கப்பட்டன. காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓட ஓர் ஆள் தேவைப்படவில்லை. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் டோல்கேட்டில் சில்லறை எண்ணும் வேலையும் போனது. நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று இருந்த விதியும் 2018 நவம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தில் கைவிடப்பட்டது. டீசல், டயர், இன்சூரன்ஸ், டோல் என்று செலவு ஏற ஏற, உரிமையாளர்கள் குறைக்க முடிந்த செலவு இரண்டாவது ஆளின் சம்பளம்தான். ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து அடுத்த தலைமுறை டிரைவர் உட்கார வேண்டிய இருக்கையைக் காலி செய்துவிட்டன. அந்தச் செலவை மிச்சம் பிடித்த தொழில்தான் இன்று ஆள் இல்லை என்று தவிக்கிறது.

முதல் வருடத்தை எங்கே தேடுவது?

நேராக டாரஸ், டிரெய்லர் என்று போகாமல் சிறிய வண்டியில் தொடங்குவது இன்று சட்டப்படியும் எளிதாகியிருக்கிறது. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு முக்கியத் தீர்ப்பு அளித்தது. இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்பது அதன் சாரம். குட்டி யானை, தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்றவை இதில் அடங்கும். கொஞ்சம் பெரிய வண்டி என்றால் ஆர்.சி.யில் மொத்த எடையைப் பார்த்துக்கொள்வது நல்லது. கேஸ், பெட்ரோல் போன்ற அபாயகரமான சரக்குகளுக்குத் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிப் பதிவும் வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை.

மார்க்கெட்டுக்குக் காய்கறி, கடைகளுக்குப் பார்சல், கட்டட வேலைக்கு மணல், ஜல்லி என்று உள்ளூரிலேயே ஓடும் வண்டிகளில் ஓராண்டு நின்றால் பின்னால் எடுக்கவும் லோடு ஏற்றவும் பழகிவிடும். இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். பிறகு இரண்டு டிரைவர் வைத்து ஓட்டும் நிறுவனங்களில் இரண்டாவது ஆளாகச் சேரலாம். சென்னை, தூத்துக்குடி துறைமுகங்களைச் சுற்றி கன்டெய்னர் டிரெய்லர்கள் நிறைய ஓடுகின்றன. பார்சல் சர்வீஸ்களிலும் வாய்ப்பு உண்டு. முறையான பயிற்சி வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டியில் தமிழக அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் பயிற்சிப் பிரிவும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் பயிற்சி மையமும் இருக்கின்றன. விசாரித்துச் சேரலாம்.

எந்த வண்டி ஓட்டினாலும், தேதி, வண்டி எண், லோடு, போன ஊர், கிலோமீட்டர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வருவது நல்ல பழக்கம். மாதம் ஒருமுறை உரிமையாளரிடம் கையெழுத்தும் வாங்கினால் அடுத்த இடத்தில் அதுவே பேசும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதம் தரச் சொல்கின்றன. பெரிய நிறுவனம் என்றால் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே வண்டி வைத்திருப்பவரிடம் கடிதம் கிடைப்பது சிரமம். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அதுவும் ஒரு சான்றுதான்.

சேருமுன் கேட்க வேண்டியவையும் உண்டு. மாதச் சம்பளமா, டிரிப் கணக்கா, வாடகையில் சதவீதமா? படி எவ்வளவு? டயர் வெடித்தாலோ மைலேஜ் குறைந்தாலோ யார் கணக்கில் எழுதுவார்கள்? அதிக லோடுக்குப் போடும் அபராதம் யாருடையது? இதில் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். அதிக பாரம் ஏற்றச் சொன்னவர் வேறு ஒருவராக இருந்தாலும் ஓட்டியவரும் சட்டத்தின் முன் பொறுப்பாளிதான். லைசென்ஸை முடக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் பயணத்துக்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, காயம் பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதை டிரைவரின் கடமையாக்குகிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலை இருந்தால் அதற்கு விலக்கும் தருகிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவித்தாக வேண்டும். உயிருக்குப் பயந்து விலகுவது வேறு, மறைந்துகொள்வது வேறு.

தூக்கத்தை அடக்கி ஓட்டச் சொல்லும் எவருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும், நோன்பைப் பின்னர் நோற்கவும் மார்க்கமே சலுகை தந்திருக்கும்போது, நாளைக் காலைக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக உயிரைப் பணயம் வைப்பதில் எந்த நியாயமும் இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாகியுள்ளது. வெக்கை குறைந்தால் களைப்பும் குறையும், ஓய்வுக்கு அது ஈடாகாது.

விழக்கூடாத குழிகள்

முதல் வேலை கிடைக்காத சலிப்பில்தான் தவறான வழிகள் கண்ணுக்கு அழகாகத் தெரியும். அவற்றில் ஒன்று போலி அனுபவச் சான்றிதழ். சில ஆயிரம் கொடுத்தால் ஐந்து வருடம் ஓட்டியதாக எழுதித் தர ஆள் இருக்கிறார்கள். அது பொய் என்பதோடு முடியவில்லை. மலைப்பாதையில் அந்தக் காகிதம் பிரேக் பிடிக்காது. அதை நம்பி வண்டியைக் கொடுத்தவரும், எதிரே வந்தவரும் அதன் விலையைக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, யாரும் வேலை தராவிட்டால் என்ன, சொந்தமாக வாங்கிவிடலாம் என்று பைனான்ஸில் லாரி எடுப்பது. லோடு பிடிக்கவும் வாடகை பேசவும் தெரியாத ஒருவர், ஓட்டவும் கற்றுக்கொண்டே தவணையும் கட்ட வேண்டும். இரண்டு மாதம் வண்டி நின்றால் வீட்டுப் பத்திரம் போய்விடும். பிள்ளைக்குச் செய்யும் உதவி என்று நினைத்து இதைச் செய்யும் பெற்றோர், குறைந்தது இரண்டு வருடமாவது அவன் பிறர் வண்டியை ஓட்டும்வரை பொறுப்பது நல்லது.

நம் குடும்பங்களை அதிகம் பாதிப்பது வெளிநாட்டு ஆசை. இங்கே அனுபவம் இல்லாதவருக்கு அங்கே ஹெவி டிரைவர் வேலை காத்திருப்பதாக ஏஜென்ட் சொன்னால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். அங்கே குடியிருந்து டிரக் ஓட்ட அந்த நாட்டின் லைசென்ஸ் வேண்டும். அதற்கான சோதனையில் தேறும்வரை கையில் சம்பளம் இருக்குமா, அந்தச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் பார்க்க வேண்டும். டிரைவர் என்று அழைத்துப் போய்ச் சுமை தூக்க வைத்தால் ஒப்பந்தம் ஒன்றுதான் கையில் இருக்கும் ஆயுதம். விசிட் விசாவில் போய் வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை ஏற்கவே கூடாது.

ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். பத்தாவது தேறாதவருக்குச் சவூதி, அமீரகம் உட்பட 18 நாடுகளுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம். அந்த வழியில் போகிறவருக்குப் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா'வில் 10 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடும் உண்டு. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. லட்சங்களை நீட்டுவதற்கு முன் அங்கே ஒருமுறை கேட்பதில் என்ன இழப்பு?

ஜமாஅத்தும் வியாபாரிகளும் செய்யக்கூடியது

லைசென்ஸை அரசு தருகிறது. பயிற்சியைப் பள்ளிகள் தரும். அந்த இரண்டாவது இருக்கையையும், 'இந்தப் பையனை நம்பலாம்' என்ற சொல்லையும் யார் தருவது? இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலில் தொடங்கி, பழ மண்டி, வெங்காய மண்டி, இரும்புக் கடை, மரக்கடை வரை நம்மவர்கள் பலரிடம் சொந்த வண்டிகள் ஓடுகின்றன. வெளி லாரிகளுக்கு வாடகை கொடுப்பவர்கள் அதைவிட அதிகம். ஐந்து வண்டி வைத்திருக்கும் ஒருவர், மூத்த டிரைவர் ஓட்டும் ஒரு வண்டியில் மட்டும் ஆண்டுக்கு ஒரு புதிய பையனைச் சம்பளத்தோடு ஏற்றிக்கொண்டால் போதும். லைசென்ஸ் உள்ளவனாக, 20 வயது நிறைந்தவனாக இருக்க வேண்டும். சொல்லித்தரும் மூத்தவருக்கும் அதற்கென்று தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டும். இதைத் தர்மமாக நினைக்க வேண்டாம். அடுத்த வருடம் தனக்கே டிரைவர் தேவைப்படும்போது, தன் வண்டியில் பழகிய, தனக்குத் தெரிந்த ஒருவர் தயாராக இருப்பார்.

ஜமாஅத் நிர்வாகங்கள் சான்றுக் கடிதம் தருவது நமக்குப் பழக்கமானதுதான். திருமணத்துக்கும் கல்வி உதவிக்கும் எழுதுகிறோம். வேலை தேடும் டிரைவருக்கும் எழுதலாம். ஆனால் அதுவும் ஓர் அமானிதம். தெரிந்தவர் மகன் என்பதற்காகக் குடிப்பழக்கம் உள்ளவனுக்கோ, அடிக்கடி வேகத்துக்கு அபராதம் கட்டுபவனுக்கோ நல்ல பிள்ளை என்று எழுதித் தந்தால் ஒரே வருடத்தில் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு இருக்காது. நேர்மையாக எழுதப்பட்ட பத்துக் கடிதங்கள் பதினோராவது பையனுக்கு வழி திறக்கும். ஓட்டுநர்களுக்கென்று தமிழக அரசு வைத்திருக்கும் அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் இந்தப் பிள்ளைகளைப் பதிவு செய்ய உதவுவதையும் இதே கையோடு செய்துவிடலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. முதல் வருடச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் துபாயிலிருந்து அனுப்பும் பணத்தோடு அதை ஒப்பிட்டுப் பேசுவது, நம் பிள்ளையை ஏஜென்டிடம் நாமே தள்ளிவிடுவதாகும். ஓட்டும் நேரத்தில் அடிக்கடி போன் செய்யாமல், வண்டி நிறுத்தியதும் அவனே பேசட்டும் என்று இருப்பது நாம் செய்யும் பெரிய உதவி. லாரி டிரைவருக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் நம் வழக்கத்தையும் மறுபடி யோசிக்க வேண்டும். நாம் உண்ணும் அரிசியும் உடுத்தும் துணியும் யாரோ ஒருவர் இரவு முழுக்கக் கண்விழித்துக் கொண்டுவந்தவை. ஹலாலான உழைப்பு என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, சம்பந்தம் பேசும்போது மட்டும் முகம் சுளிப்பது முறையல்ல.

டிரைவர் தட்டுப்பாடு நாடு முழுக்க உள்ள பிரச்சினை, அதை நாம் தனியாகத் தீர்த்துவிட முடியாது. ஒவ்வோர் ஊரிலும் இந்த வருடம் இரண்டு பேருக்கு ஓர் இருக்கையும் ஒரு நேர்மையான சொல்லும் கிடைக்கச் செய்வது நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் ஊரில் வண்டி வைத்திருப்பவர் யார், லைசென்ஸோடு காத்திருக்கும் பிள்ளை யார் என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த ஜும்ஆ முடிந்ததும் இருவரையும் ஒரு இடத்தில் உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அதிலிருந்து ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரம் தொடங்கும்.